ஹுனைஸ் கொண்டுவந்த படங்கள்

படத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவனின் சட்டைக் காலர், ஒரு பக்கம் மட்டும் வெள்ளை நூலால் தைக்கப்பட்டிருந்தது.

பெரு நாட்டில், குஸ்கோ என்ற மலை நகரத்துச் சந்தையில் எடுத்த படம் அது. முன்னால் ஹுனைஸ் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். பின்னால் சிவப்பும் மஞ்சளுமாகக் கம்பளிகள் தொங்கின. அவற்றுக்கு நடுவே நீலக் கட்டம் போட்ட சட்டையோடு அந்த மனிதன். அன்ஸார் தன் கழுத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தான். நீல நூல் தீர்ந்துபோய் மனைவி றம்லா வெள்ளை நூலால் தைத்துவிட்ட இடம் விரலில் தட்டுப்பட்டது. அவள் தைத்தது போன கிழமை. படம் எடுத்து இரண்டு மாதமாவது இருக்கும்.

உலகத்தில் நீலக் கட்டச் சட்டை ஒன்றுதானா இருக்கிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டான்.

கண்டக்குழிக் கடற்கரையில் ரஸாக் ஹாஜியார் நடத்தும் விடுதியின் சாப்பாட்டு மண்டபம் அது. மஃரிப் தொழுகை முடிந்து, இரவுச் சாப்பாடு மேசைக்கு வருவதற்கு முன், ஹுனைஸ் தன் போனைப் பெரிய டீவியில் இணைத்துப் படம் காட்டுவான். தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் பியர் இல்லாத குறையை அந்தப் படங்களில் தீர்த்துக்கொள்வார்கள். சோளகக் காற்று கிடுகுக் கூரையைப் பிய்த்துவிடுகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயும் கருவாடும் கலந்த கடற்கரை வாடை மண்டபத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்திருந்தது. சமையல்கட்டு வாசலில் றம்லாவும் ஹுனைஸின் மனைவி பஸீஹாவும் கையைத் துடைத்தபடி நின்று பார்த்தார்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் பஸீஹா, “மாஷா அல்லாஹ்” என்றாள். றம்லாவும் சொன்னாள். ஹாஜியாரும் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார். அடுத்தவனுக்குக் கிடைத்த நல்லதைப் பார்த்தால், நம் கண் அதில் பட்டுவிடாமல் இருக்க அந்தச் சொல்லைச் சொல்லிவிட வேண்டும். குழந்தை கொழுகொழுவென்று இருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரன் புது மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் வாய் தானாகச் சொல்லும். அன்ஸாரின் வாயும் அப்படிப் பழகிய வாய்தான். ஆனால் அந்த நேரம் அதற்குள் ஒரு பேரீச்சங்கொட்டை இருந்தது. பழத்தை எப்போதோ தின்றுவிட்டான். கொட்டையைத் துப்பாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டான். வாயில் ஏதாவது இருந்தால் பேசவேண்டியதில்லை பாருங்கள்.

ஏனென்றால் அந்தப் பயணம் அன்ஸாருடையது. அவன் மட்டுமல்ல, கண்டக்குழியே அப்படித்தான் நினைத்திருந்தது. டொல்பின் கூட்டம் எந்தப் பக்கம் எழும்பும், எந்தக் காற்றுக்குப் படகை எங்கே திருப்பவேண்டும் என்று வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போகிற வழிகாட்டிகளில் மூத்தவன் அவன். பெருவில் சுற்றுலா நடத்தும் கம்பெனி ஒன்று, ‘உங்கள் ஆள் ஒருவரை அனுப்புங்கள், எங்கள் பயணத்தில் கூடவே வந்து மலை, காடு, பழைய கோட்டை, ஊர் எல்லாவற்றையும் நாங்கள் எப்படிக் காட்டுகிறோம் என்று பார்த்துவிட்டுப் போகட்டும்’ என்று ஹாஜியாருக்குச் சொன்னபோது, அன்ஸார் அடுத்த நாளே பாஸ்போட்டுக்கு அலையத் தொடங்கினான். அந்த மலைகளில் குளிர் எலும்பைத் தொடும் என்று கேள்விப்பட்டுப் புத்தளம் டவுனில் பழுப்பு நிறக் கம்பளித் தொப்பியும் வாங்கினான். கொளுத்துகிற வெயிலில் கம்பளித் தொப்பி கேட்டு வந்தவனைக் கடைக்காரன் எப்படிப் பார்த்திருப்பான் என்று சொல்லவேண்டியதில்லை.

பிறகு ஹாஜியார் இளைய வழிகாட்டியான ஹுனைஸை அனுப்பினார்.

“நீ நல்லா வேல செய்ற, அன்ஸார். அவன் நல்லாச் சிரிக்கிறான். அவங்களுக்குச் சிரிக்கிற ஆள்தான் வேணுமாம்” என்றார். அவ்வளவுதான் விளக்கம். தொப்பி அலுமாரிக்குள் போனது. அன்ஸாரின் வயிற்றில் பற்றியது மட்டும் அணையவில்லை. ஹுனைஸ் திரும்பி வந்த நாளிலிருந்து, அவன் தேநீர் குடிப்பது, அவன் வெள்ளி மோதிரத்தின் பச்சைக் கல்லைத் துடைப்பது, நடப்பது, தும்முவது எல்லாமே அன்ஸாருக்குக் கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருந்தன.

அடுத்த நாளும் படம் ஓடியது. சந்தைப் படம் வந்தது. கம்பளிகளுக்கு நடுவே யாரும் இல்லை. அன்ஸாருக்கு மூச்சு வந்தது. களிமண் சுவரை மொய்க்கிற பஞ்சவர்ணக்கிளிகள் போயின. ஏரியில் கோரைப்புல்லைக் கட்டி அதன்மேல் வீடு வைத்திருக்கிற மனிதர்கள் போனார்கள். அதற்கு அடுத்த படத்தில் மலைச் சரிவு முழுவதும் பாத்தி பாத்தியாக வெள்ளை.

“இத ஒங்களுக்காகத்தான் எடுத்த, நானா” என்றான் ஹுனைஸ், மூத்தவனை அண்ணன் முறை வைத்து. “எங்கட உப்பளம் மாதிரியேதான். ஆனா மலையில ஈக்கு.”

அன்ஸாரின் வாப்பா புத்தளம் உப்பளத்தில் நின்று பாதம் வெடித்துச் செத்தவர். மலையில் விளைகிற உப்பைப் பார்க்கவேண்டிய கண் யாருடையது? ஒரு நாள்கூட உப்பில் கால் வைக்காத இவன் அங்கே போய்ச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அன்ஸாருக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது. கொட்டையைக் கன்னத்துக்குள் அழுத்திக் கடித்தான். எல்லோரும் மாஷா அல்லாஹ் சொன்னார்கள். அவன் சொல்லவில்லை.

அப்போதுதான் பார்த்தான். ஹுனைஸுக்கு நாலு பாத்தி தள்ளி, உப்பு வரம்பில், நீலக் கட்டச் சட்டை. இந்த முறை முகம் பாதி திரும்பியிருந்தது. தலையில் பழுப்பு நிறக் கம்பளித் தொப்பி.

“ஹுனைஸ், பின்னால நிக்கிறது ஆரு?”

“எங்க நானா? அங்க ஒத்தருமே இல்லியே.”

அடுத்த படம் வந்துவிட்டது. மண்டபத்தில் புழுக்கம். ஆனாலும் அன்ஸாரின் பாதங்கள் சில்லிட்டிருந்தன. மூச்சை இழுத்தால் பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. நனைந்த ஆட்டு மயிரின் வாடை எங்கிருந்தோ மெதுவாக வந்தது, கருவாட்டு வாடையை ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்து மூக்கின் அருகிலேயே நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்தான். தொப்பி மடித்து வைத்த இடத்தில்தான் இருந்தது. தொட்டான். ஈரமாக, ஐஸ்பெட்டியில் கிடந்த மீனைப் போலக் குளிர்ந்தது. உதறினான். பருத்த உப்புப் பரல்கள் தரையில் விழுந்தன. புத்தளத்து உப்பு வெள்ளை. இது லேசான ரோசா நிறம்.

றம்லா பின்னால் வந்து நின்று பார்த்தாள். உப்பைப் பார்த்தாளா, அவன் முகத்தைப் பார்த்தாளா என்று தெரியவில்லை.

“லெப்பைக்கிட்டப் போய்த் தண்ணி ஓதி எடுத்து வருவமா?” என்றாள்.

“எனக்கு ஆரு கண்ணு வெக்கப் போறாங்க? என்னத்தப் பாத்து?”

“ஒங்களுக்கு வெச்சாங்கண்டு நான் செல்லல்லயே.”

அவன் தொப்பியை மறுபடியும் மடித்தான். “நானும் ரெண்டு நாளாப் பாத்துக்கிட்டுத்தான் ஈக்கிறன். அந்த மாஷா அல்லாஹ்வச் செல்லிட்டா ஒங்கட வாயில என்ன கொறஞ்சிரும்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அன்ஸார் உப்பைக் கூட்டி அள்ளி வெளியே வீசினான். ஒரு பரல் விரலில் ஒட்டியிருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தான். நல்ல உப்பு. அதுவும் ஹுனைஸுக்குத்தான் கிடைத்திருக்கிறது என்று நினைத்தான்.

மூன்றாம் நாள் காற்று இன்னும் கூடியிருந்தது. மின்சாரம் விட்டு விட்டு வந்தது. போகாமல் இருந்திருக்கலாம். போனான். வழக்கமான கதிரையில் உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். சந்தையில் யாரும் இல்லை. உப்பு வரம்பில் யாரும் இல்லை. கடைசிப் படம் வந்தது.

கொல்கா என்று பெயர் சொன்னான் ஹுனைஸ். பூமி பிளந்துகொண்ட மாதிரி ஒரு பள்ளத்தாக்கு. அடியே தெரியவில்லை, நீலப் புகை மட்டும். விளிம்புப் பாறையில் ஹுனைஸ் பள்ளத்துக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கைகளையும் விரித்து நின்றான். தலைக்கு மேலே கொண்டோர் என்ற பெருங்கழுகு, கதவுப் பலகை அகலச் சிறகோடு மிதந்தது. அவனுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உரச, அன்ஸார் நின்றான்.

முழு முகம். தொப்பி. வெள்ளை நூல். அன்ஸார் கண்ணாடியில்கூடப் பார்த்திராத ஒன்று அந்த முகத்தில் இருந்தது. சிரிப்பு.

ஹுனைஸ் டீவிக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தான். வெளிநாட்டுக்காரர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அன்ஸாரின் காது அடைத்துக்கொண்டது. நனைந்த கம்பளி வாடை. மெல்லிய காற்று. மார்பு வலித்தது.

“மாஷா அல்லாஹ்” என்றாள் பஸீஹா.

படத்தில் இருந்தவனின் கை முன்பு தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது ஹுனைஸின் நெஞ்சுக்கு நேரே இருந்தது. உள்ளங்கை விரிந்திருந்தது.

“மாஷா அல்லாஹ்” என்றார் ஹாஜியார்.

வாசலிலிருந்து றம்லா அன்ஸாரையே பார்த்தாள். அவள் உதடுகள் அவனுக்காக அந்தச் சொல்லை மெதுவாகச் சொல்லிக் காட்டின. சொல்லியிருக்கலாம். கொட்டையைத் துப்பினால் போதும். நாக்கு கொட்டையைப் பல்லோரம் வரைக்கும் தள்ளியது. அங்கேயே நிறுத்தியது. அவனுக்குப் பார்க்கவேண்டும் போலிருந்தது. என்ன நடக்கும் என்று, ஒரு தடவை, பார்க்கவேண்டும்.

மின்சாரம் போனது.

இருட்டு. காற்று. எங்கோ வெகு ஆழத்தில் ஒரு கல் உருண்டது. உருண்டுகொண்டே போனது. மணலைத் தவிர வேறொன்றும் இல்லாத கண்டக்குழியில்.

மின்சாரம் வந்தது.

கழுகு அப்படியே மிதந்தது. விளிம்புப் பாறையில் ஒருவன்தான் கைகளை விரித்து நின்றான். நீலக் கட்டச் சட்டை. டீவிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. போன் அன்ஸாரின் கையில் இருந்தது, சூடாக.

“என்ன அன்ஸார், நிப்பாட்டிட்டா?” என்றார் ஹாஜியார். “அந்தப் பறவட கதயச் செல்லு. அதுக்குத்தானே இவங்க காத்துக்கிட்டு ஈக்காங்க.”

அவன் கொட்டையை உள்ளங்கையில் துப்பினான். வாயைத் திறந்தான். கதை வந்தது. விடியப்புறம் பஸ்ஸில் ஏறிப் போனது, கொக்கா இலைத் தேநீரின் கசப்பு, வெயில் பட்டுக் காற்று சூடாகும்வரை கொண்டோர் எழும்பாது என்று அந்த ஊர்க்காரன் சொன்னது, எல்லாமே பார்த்தவன் சொல்கிற மாதிரி வந்தன. அவர்கள் கை தட்டினார்கள். ஹாஜியார் அவன் தோளில் தட்டி, “இதுக்குத்தான் ஒன்ன அனுப்பின. சிரிக்கிறத்துக்கு ஒன்ன மாதிரி ஆள் வேணும்” என்றார். வெட்கமில்லாமல் சொன்னால், அன்ஸாருக்கு அந்த நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவ்வளவு சந்தோஷம் அவன் வாழ்க்கையில் இருந்ததே இல்லை.

பஸீஹா தேநீர்த் தட்டோடு வந்தாள். எல்லோருக்கும் கொடுத்து முடிந்தும் ஒரு கோப்பை மிஞ்சியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்ன பஸீஹா?” என்று கேட்டாள் றம்லா.

“ஒண்டு கூடிட்டு ராத்தா. ஆருக்கு ஊத்தினேன்டு தெரியல்ல.”

அதை ஒரு வெறுங்கதிரைக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அது அங்கேயே ஆறியது.

அடுத்த நாளும் படம் கேட்டார்கள். அன்ஸார் காட்டினான். கொல்காப் படத்தில் தன் காலடியில், பாறை விளிம்பில், நாலு விரல்களைப் பார்த்தான். ஒன்றில் பச்சைக் கல் மோதிரம். படத்தை அழித்தான். அதற்கு மறுநாள் மாலை அது போனில் இருந்தது, இரண்டு முழங்கைகளோடு. காட்டமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தான். “சிரிச்சிக்கிட்டுக் காட்டு” என்றார் ஹாஜியார். பஸீஹா நாள்தோறும் ஒரு கோப்பை கூடுதலாக ஊற்றினாள், அதே கதிரைக்கு முன்னால் வைத்தாள், ஏனென்று அவளுக்கே தெரியவில்லை.

இன்று மஃரிபுக்குப் பிறகு காற்று விழுந்துவிட்டது. கிடுகு ஓலை ஒன்றுகூட அசையவில்லை. மண்டபம் நிறைய ஆட்கள். அன்ஸார் கடைசிப் படத்தைப் போட்டான்.

“மாஷா அல்லாஹ்” என்றாள் பஸீஹா.

“மாஷா அல்லாஹ்” என்றாள் றம்லா, தன் புருஷன் என்ற பெருமையோடு. ஹாஜியார் சொன்னார். ஊரிலிருந்து படம் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அன்ஸார் அவர்கள் வாய்களைப் பார்த்தான், யாரும் விட்டுவிடவில்லையே என்று. பிறகு படத்தைப் பார்த்தான்.

படத்தில் அவன் கணுக்காலை ஒரு கை பிடித்திருந்தது. பாறைக்கு மேலே ஹுனைஸின் முகம் முழுவதுமாக ஏறி வந்திருந்தது. சிரிக்கவில்லை. மேலே அன்ஸாரையே பார்த்துக்கொண்டிருந்தது. உதடுகள் இறுக மூடியிருந்தன. ஒரு பக்கக் கன்னம் மட்டும் லேசாகப் புடைத்திருந்தது, வாய்க்குள் ஒரு கொட்டையை ஒதுக்கி வைத்திருந்த மாதிரி.