முன்னி தலைமேல் சத்தியம்

காலையில் படத்தை ஓட்டிப் பார்த்தபோது பகடையில் ஐந்து விழுந்தது. மேட்டினியில் மூன்று.

செஞ்சித் தியேட்டரில் இருபது வருடமாக ஆபரேட்டர் சாந்த் பாஷா. அவனுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. பழைய பேய்ப்படம், கீறல் துடைத்து, அறுந்ததை ஒட்டி, மெட்ராஸிலிருந்து புதுக் காப்பியாக வந்திருந்தது. சூதாடி ஒருவன் பேயோடு பகடை ஆடி, எல்லாம் தோற்று, பெற்ற மகளையே பந்தயம் வைக்கும் கதை. அந்தக் கடைசி வீச்சில்தான் டிக்கெட் கிழிக்கும் கலியபெருமாளிடம் ஒரு டீக்குப் பந்தயம் கட்டியிருந்தான். முன்கூட்டியே பார்த்த படத்தை வைத்து, அதைப் பார்க்காதவனை ஏய்ப்பது ஆபரேட்டர்களின் பழைய குறும்பு.

"எம் பொண்ணு முன்னி தலமேல சத்தியம்யா, அஞ்சுதான் விழும்."

"ஒரு டீக்குப் போயி புள்ள மேல சத்தியமா? வாயக் கழுவு பாய்!"

ரீலை மாற்றியது கலியபெருமாள்தானோ? படுபாவி, செய்யக்கூடியவன்தான். ஆனால் ரீல் பெட்டிச் சாவி சாந்த் பாஷாவின் இடுப்பிலேயே இருந்தது. கடைசி ரீலை ஓடவிட்டு, கார்பன் புகையும் எண்ணெயும் நாறும் கேபினில், அந்த வீச்சு இருந்த, ஓடி முடிந்த ரீலை விரலால் இழுத்து பல்பு வெளிச்சத்தில் கட்டம் கட்டமாகப் பார்த்தான். ஐந்து. எல்லாக் கட்டத்திலும் ஐந்து.

கேபின் சுவரிலிருந்த ஓட்டை வழியே திரையைப் பார்த்தான். இந்நேரம் பாட்டு வரவேண்டும். பகடைப் பலகைதான் நின்றது. பேய் சூதாடியைப் பார்க்கவில்லை. நேராக இந்த ஓட்டையைப் பார்த்தது.

"தோற்றாய். வைத்ததைக் கொடு."

இரும்புப் படியில் டிபன் கேரியர் சத்தம். தினமும் இந்த நேரம்தான்.

"நைனா!"

"மேல வராத முன்னி! ஊட்டுக்கு ஓடு!"

சத்தம் நின்றது. கதவைத் திறந்தான். படியில் கேரியர். சூடாக. பக்கத்தில் ஒற்றைச் செருப்பு.

"கலியா! முன்னி கீழ வந்துச்சா?"

கீழே கலியபெருமாள் விழித்தான். "இப்பத்தான மேல ஏறுச்சு பாய். எறங்கலியே!"

ஐயோ, என் வாயே!

உள்ளே ஓடி ஓட்டையில் கண் வைத்தான். பலகை முன்னால் ஒரு சிறுமி. ஒரு காலில் செருப்பு. மறுகால் வெறுங்கால். மெதுவாகத் திரும்பினாள்.

"நைனா..."

திரைக்குப் பின்னாலிருந்த ஸ்பீக்கரில் கேட்டது.

முன்னி நின்ற படம் தீர, மேல் ஸ்பூலில் பிலிம் இன்னும் நாலு சுற்று. மூன்று.