வெந்நீர் குடித்த மீன்

அன்றைக்கும் மீன் கொசுப்புழுவைத் தொடவில்லை. அங்கம்மா சிரட்டையிலிருந்து விட்ட புழுக்கள் கண்ணாடித் தொட்டியின் மேல்மட்டத்தில் நெளிந்து நெளிந்து, அடியில் வழவழவென்று படிந்திருந்த பாசிக்குள் போய் ஒளிந்துகொண்டன. எட்டு நாளாக இரை எடுக்காத மீன் மெலியவில்லை. கொழுத்திருந்தது.

மலாயாவில் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் துரை, பங்களாவை அவள் பொறுப்பில் விட்டுவிட்டு ஆறு மாத லீவில் சீமைக்குக் கப்பலேறியபோது, அந்தத் தொட்டியில் ஐந்து மீன்கள் இருந்தன. எல்லாம் சுண்டுவிரல் அளவு. தண்ணீருக்குள் ஒரு பாதரசக் குழாயைத் தொங்கவிட்டு, அதில் சிவப்பு மையால் கோடு போட்டுக் காட்டியிருந்தார். கோட்டுக்குக் கீழே இறங்கினால் மீன் இரை எடுக்காது, வளராது. கோட்டிலேயே நின்றால் மளமளவென்று வளரும். வெயில் காலத்தில் பாதரசம் தானாக நின்றது. தீபாவளி கழிந்து மழை பிடித்துக்கொண்டதும் இறங்கிவிட்டது.

அங்கம்மா அதற்கு ஒரு வழி கண்டாள். தன்னுடைய மூன்று மாதப் பெண்பிள்ளையை அவள் பங்களாவின் பின்கட்டில்தான் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டுவாள். பிள்ளை குளித்த நீரை யாரும் மிதிக்கக் கூடாது. முதல் பிள்ளையின் நீரைக் கூலிகள் குடியிருக்கும் லயத்துச் சாக்கடையில் ஊற்றியதால்தான், நாலு பேர் கால் பட்டு, அது நாலாம் மாதத்தில் வற்றிச் செத்தது என்று லயத்துப் பெண்கள் சொன்னார்கள். அதனால் இந்தப் பிள்ளையின் நீரை வாழையடியில் ஊற்றி வந்தாள். வாழையடி மழையில் குளமானதும் தொட்டியில் ஊற்றினாள். இதை யார் மிதிக்கப் போகிறார்கள்? சூடும் வீணாகாது. கடலைமாவும் எண்ணெயும், பிள்ளையின் தோலிலிருந்து உருண்ட அழுக்கும் ஆடையாக மிதக்க, பாதரசம் கோட்டுக்கு ஏறி நின்றது.

ஒரு மாதத்தில் நான்கு மீன்களைக் காணோம். மிஞ்சிய ஒன்று முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்தது. செதிலெல்லாம் உதிர்ந்து, தண்ணீரில் ஊறிய விரல்நுனி போல வெளுத்துச் சுருங்கிய தோல். கழுத்தென்று சொல்லக்கூடிய இடத்தில் மடிப்பு மடிப்பாகச் சதை.

ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை பார்க்கும் அவள் புருஷன் வீரமுத்து மத்தியானக் கஞ்சிக்குப் பங்களாவுக்கு வந்தான்.

"என்னா புள்ள இது, மீனா பன்னிக்குட்டியா?"

"தொர வந்து பாத்தா சந்தோசப்படுவாரு."

"தொர பாத்தா துப்பாக்கிய எடுப்பாரு. அலமாக், என்னா நாத்தம்! ரப்பர் ஒட்டுப்பால் அழுகுனாக்கூட இப்படி நாறாது."

மூக்கைப் பொத்திக்கொண்டே தூளியை விலக்கிப் பிள்ளையைத் தூக்கினான். சிரிப்பு நின்றது.

"என்னா இம்புட்டு லேசா இருக்கு?"

"ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரும் அதத்தான் சொன்னாரு. எட கொறஞ்சுக்கிட்டே போவுதாம்."

"பால் குடிக்குதா?"

"வாய வெக்கவே மாட்டேங்குது. எனக்கு மாரு கல்லாட்டம் கெட்டிப்பட்டுக் கெடக்கு."

"மொத புள்ளையும் இப்படித்தானே..."

"வாயக் கழுவுங்க மொதல்ல."

அவன் கஞ்சியைக் குடித்துவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

அங்கம்மா பிள்ளையின் கழுத்து மடிப்பில் மூக்கை வைத்துப் பார்த்தாள். அங்கே எப்போதும் இருக்கும் புளித்த பால்வாசம் இல்லை. எந்த வாசமும் இல்லை. அந்த வாசம் வேறெங்கிருந்தோ வந்தது. நடந்து போய்த் தொட்டியின் மேல் குனிந்தாள். பழக்கப்பட்ட, தன் சொந்தப் பிள்ளையின் வாசம், அழுகலும் நிணமும் கலந்து, குப்பென்று முகத்தில் அடித்தது. ஓடிப்போய் வாசலில் வாந்தி எடுத்தாள்.

"தொலஞ்சு போ சனியனே!"

மழைத்தண்ணீர் பிடித்து வைத்த பீப்பாயிலிருந்து வாளி வாளியாக மொண்டு தொட்டியில் ஊற்றினாள். பாதரசம் கோட்டை விட்டு இறங்கியது. இன்னும் இறங்கியது. மீன் மெல்ல அடியில் போய், பாசியின் மேல் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. சாகட்டும். துரை அவளை வேலையை விட்டுத் துரத்தினால் ரப்பர்மரத்தில் பால்வெட்டப் போய்க்கொள்ளலாம்.

திரும்பினாள். தூளி அசையவில்லை.

பிள்ளையின் கால் சில்லிட்டிருந்தது. உள்ளங்கை நீலம். சூடு பறக்கத் தேய்த்தாள், கம்பளியில் சுற்றினாள், நெஞ்சோடு அணைத்தாள். "கண்ணு, கண்ணத் தொற ஆத்தா." சூடு ஏறவில்லை. சுண்டுவிரல் மட்டும் துடித்தது. நின்றது. துடித்தது.

தொட்டியில் மீனின் துடுப்பும் துடித்தது. நின்றது. துடித்தது.

அங்கம்மா பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். கொதித்துக்கொண்டிருந்த பானையைத் துணி பிடித்துத் தூக்கி வந்தாள். ஊற்றினாள். ஆவி. நாற்றம். பாதரசம் ஏறியது.

மீன் புரண்டது.

தூளிக்குள் பிள்ளை முனகியது.

இன்னும் ஊற்றினாள். பாதரசம் கோட்டில் வந்து நின்றது. மீன் மேலே எழும்பி வந்து, கண்ணாடியில் வாயை ஒட்டியது. உதடு தடித்திருந்தது. வாயில் பல் இல்லை. ஈறு இருந்தது. இளஞ்சிவப்பு ஈறு. கண்ணாடியைச் சப்பியது. சப். சப். சப்.

அவள் மாரில் சுருக்கென்று வலித்தது. பால் இறங்கியது. நாலு நாளாகக் கட்டியிருந்த பால். ரவிக்கை நனைந்தது. வயிற்றில் வழிந்தது. வேண்டாம் என்றாள். வேண்டாம், வேண்டாம். மீன் வாயை எடுத்தது. தூளியில் முனகல் நின்றது.

அங்கம்மா ரவிக்கையை அவிழ்த்தாள். கண்ணை இறுக மூடினாள். தொட்டியின் மேல் குனிந்தாள்.

வழுவழுப்பாக ஏதோ வந்து கவ்விக்கொண்டது.

முதுகுக்குப் பின்னால், தூளிக்குள், பிள்ளை மடக் மடக்கென்று விழுங்கியது.