மூன்றாவது 'இல்லை'

அன்றும் செங்கமலம் விடிந்ததும் வந்து, அணைக்கரை மீன்படியின் கண்ணாடிச் சுவர் முன்னால் உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப்புறம் கொள்ளிடம் நுங்கும் நுரையுமாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எண்ணுக்கண் என்ற கருவி, கடந்துபோகும் மீன்களை ஒவ்வொன்றாகச் சொல்லியது: "கெளுத்தி ஒன்று. கெண்டை ஒன்று. உல்லம் இல்லை." ஏழு வருஷமாக இதே பாட்டுதான். ஆற்றுச் சாட்சி என்பது அவளுடைய அரசாங்கப் பதவி. ஊரில் கேட்டால் மட்டும், "தண்ணியப் பாத்துக்கிட்டு குந்தியிருக்கேன்" என்பாள்.

அலைமின் நிறுவனத்துப் பொறியாளர் அருமைநாதன் பிளாஸ்க்கோடு வந்தான்.

"மேடம், கருவி என்ன சொல்லுது?"

"உன் பக்கந்தான் பேசுது தம்பி. சந்தோஷமா டீயை ஊத்து."

உல்லம் கடலில் வளர்ந்து, முட்டையிட எதிர்நீச்சல் போட்டு ஆற்றில் ஏறுகிற மீன். அணைகள் வழியை அடைத்தபின் அது கொள்ளிடத்தை மறந்தே போயிருந்தது. பிறகு மீன்கள் ஏறிப்போக அணையோரம் மீன்படிகளை வெட்டினார்கள். கூடவே ஒரு சட்டமும் வந்தது. வழியைத் திறந்து வைத்து ஏழு வெள்ளம் காத்திருக்க வேண்டும். உல்லம் ஏறினால் கொள்ளிடம் உயிருள்ள ஆறு, 'உயிராறு': முகத்துவாரத்தில் மின்நிலையம் கட்டக்கூடாது, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு வலையும் வீசக்கூடாது. ஏறாவிட்டால் முகத்துவாரத்தின் குறுக்கே, கடலலையில் மின்சாரம் எடுக்கும் அலைமின் அணை எழும்பும். ஏழாவது வெள்ளத்தின் கெடு அன்று நண்பகலோடு முடிகிறது.

கருவியின் சொல் சபையேறாது. 'இல்லை' என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும். அதுவும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஆற்றிடமே மூன்று தரம் சொல்ல வேண்டும். சட்டத்தை எழுதியவர்கள் விவரமான ஆட்கள்தான்.

பதினொரு மணிக்குக் கடலோரப் பழையாறு கிராமத்திலிருந்து அவளுடைய அண்ணி தனபாக்கியம் போனில் பேசினாள். மீனவப் பெண்கள் சங்கத்தின் தலைவி அவள்.

"ஏ கமலம், தண்ணியில எறங்கிட்டியா?"

"இன்னும் இல்ல அண்ணி."

"சுருக்கா சொல்லிட்டு வாடி. ஒரு நாளைக்கு நாலு மணி நேரந்தான் கரண்டு. ஐசு இல்லாம நேத்தும் ரெண்டு கூடை நெத்திலிய மண்ணுல பொதச்சோம். வராத மீனுக்காக இருக்குற சனம் சாவணுமா?"

நியாயமான கேள்விதான். அலைமின் வந்தால் ஊருக்கு ஐஸ் கிடங்கு வரும். ஆனாலும், ஓடிக்கொண்டிருக்கிற ஆற்றின் முகத்தைப் பார்த்து, நீ செத்துப்போய்விட்டாய் என்று எந்த வாயால் சொல்வது?

உச்சி வெயிலில் ஆற்றுக்குள் படியிறங்கினாள். "மண்கலங்கல். பார்வை மறைகிறது" என்றது எண்ணுக்கண். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் இடுப்பைத் தொட்டது.

"இல்லை" என்றாள். மறுபடியும், "இல்லை."

மேலே அருமைநாதன் நெற்றியைச் சுருக்கினான். "மேடம், கலங்கல் மேலேருந்துதானே வரணும்? இது கடல் பக்கத்துலேருந்து வருதே!"

அவள் முழங்காலில் ஏதோ இடித்தது. பிறகு தொடையில். பிறகு முதுகில், விலாவில், எங்கும். குனிந்து பார்த்தாள். எம்மாடி! மண்ணாவது ஒன்றாவது! கரைக்குக் கரை உல்லம், அடுக்கடுக்காக, வெள்ளித் தகடாக, தண்ணீருக்கு இடமே விடாமல் ஏறிக்கொண்டிருந்தது. ஏழு வருஷமாக ஒற்றை மீன்களையே காட்டி எண்ணுக்கண்ணைப் பழக்கியவள் அவள்தான். கூட்டம் என்றால் என்னவென்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால்தான் மண் என்று நினைத்துவிட்டது. அவளும் அல்லவா நம்பிவிட்டாள்! கடலே புறப்பட்டு மலையைப் பார்க்கப் போவதுபோல் அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. உடம்பெல்லாம் புல்லரித்து, அழுகிறோமா சிரிக்கிறோமா என்றுகூடத் தெரியாமல் நின்றாள்.

"மேடம்... ரெண்டு தரம் இல்லன்னு சொல்லிட்டீங்க."

"மூணாவதை நீ வந்து சொல்லு தம்பி."

அவன் பூட்ஸோடு இறங்கினான். நடுத்தண்ணீரில் நின்று கைகளை உள்ளே விட்டவன், மாட்டேன் என்று தலையாட்டினான்.

"இருக்கு!" என்று கத்தினாள் செங்கமலம். அணையில் மோதி அந்தக் குரல் திரும்பி வந்தது.

கரையேறி, ஈரக்கையோடு அண்ணியைக் கூப்பிட்டாள். "அண்ணி, வந்துருச்சி."

எதிர்முனையில் அண்ணிக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்த பெண்கள் அடங்கிப்போனார்கள். ஐஸ் கிடங்கும் இல்லை, பன்னிரண்டு வருஷம் ஆற்றில் வலையும் இல்லை என்பது அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டிய சங்கதி இல்லை. என்னை ஊருக்குள் விடுவார்களா என்று செங்கமலம் யோசித்தாள்.

"எம்மாம் பெருசு?" என்றாள் அண்ணி கடைசியில்.

"ஒரு மொழம் இருக்கும் அண்ணி. ஆயிரமா, லச்சமா... கரையே தெரியல."

யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அங்கனயே நில்லு. வண்டி புடிச்சி எல்லாரும் வர்றோம்" என்றாள் தனபாக்கியம். "வலை எடுத்தார மாட்டோம்டி. சும்மா பாக்கத்தான்."