பெண் பிறக்காத வீடு

குழந்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவளுக்கு நெஞ்சு கடுத்து, பால் பொங்கி, ரவிக்கை நனைந்தது. பிள்ளை வீறிட்டு அழுதால்தான் இப்படிச் சுரக்கும். பதறிப்போய்த் தூளியை விலக்கிப் பார்த்தாள். மகள் விரல்களை மடக்கிக்கொண்டு நிம்மதியாக மூச்சு விட்டாள். அப்படியானால் இந்த உடம்புக்குக் கேட்பது யாருடைய அழுகை?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் வீட்டில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமனார் கட்டட மேஸ்திரி. எங்கள் வம்சத்தில் பெண்ணே பிறந்ததில்லை என்று போகிற இடமெல்லாம் மார்தட்டியவர். அவரிடமே வேலை பார்க்கும் கணவன் பிள்ளையை இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு மாமியார் வந்தபோது கேட்டேவிட்டாள்.

"நெசமாவே இந்த வீட்டுல பொண்ணே பிறந்ததில்லையா, அத்தை?"

"அப்படித்தான் சொல்லுவாங்க." மாமியார் மாராப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதற்குள் இவள் பார்த்துவிட்டாள். தலை முழுக்க நரைத்த அந்த மனுஷியின் ரவிக்கையும் நனைந்திருந்தது.

"நீ போய்க் குளிச்சிட்டு வா. இவளை நான் பாத்துக்கறேன்."

குளியலறைக்கு அடுத்தது பூட்டியே கிடக்கும் பின்னறை. தண்ணீர் விழும் சத்தத்துக்கு அடியில், சுவருக்கு அந்தப் பக்கம், நாய்க்குட்டிகள் முட்டி மோதிக் குடிப்பதுபோல் ஏதோ சப்புக்கொட்டியது. புளித்த பாலின் வாடையும் ஈரச் சிமெண்டின் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. குழாயை மூடினாள். சப்புகிற சத்தம் நிற்கவில்லை. அதோடு இன்னொன்றும் கேட்டது. கொத்தனார் கரண்டியால் சிமெண்ட் சாந்தை இழுத்துப் பூசும் சத்தம்.

ஈரத்தோடு புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

தூளி காலி.

பின்னறைக் கதவு திறந்திருந்தது. கணவன் வெளியே வந்தான். முழங்கை வரை சிமெண்ட்.

"குழந்தை எங்கங்க?"

"அப்பா சொன்னாரு..." அவள் முகத்தைப் பார்க்காமல் கைகழுவப் போனான்.

உள்ளே இருட்டு. மாமியார் ரவிக்கையை அவிழ்த்துவிட்டு, கையை ஊன்றித் தரையோடு தரையாகக் குனிந்திருந்தாள். அவளுக்குக் கீழே பழைய சிமெண்ட் தரை மெல்ல ஏறி இறங்கியது. அதில் சின்னச் சின்ன வாய்கள். ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு. சப்பிக்கொண்டு.

"உக்காரும்மா" என்றாள், தலை நிமிராமல். "பசிச்சா எல்லாம் ஒண்ணாக் கத்தும். ஆம்பளைங்க தூங்க முடியாது."

பின்னால் மாமனாரின் இருமல். கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள்.

மூலையில் புதிதாகப் பூசிய இடம். இன்னும் காயவில்லை.

அது அசைந்தது.

நடுவில் பிளந்தது. பல் முளைக்காத ஈறு. ரோஜா நிற உதடுகள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பின, எதையோ தேடி.