குறைப்பெட்டி

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குறைகள் வந்து சேரும். புதுவல்லம் நகர நூலகத்தின் மாடியறையில் குயிலி அவற்றை மேசைமேல் கொட்டி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உட்காருவாள். எல்லாம் கையால் எழுதிய தாள்கள். எழுதியது பிள்ளைதான், தானே எழுதும் எழுத்துப்பொறி இல்லை என்று தெரிய வேண்டும் என்பதற்காகக் குழந்தைப் பொருத்த வாரியம் வைத்த விதி அது.

“இந்த வீட்டில் தினமும் கீரை.” “அப்பா தப்புத் தப்பாகப் பாடுகிறார், அதுவும் சத்தமாக.” “பத்து நிமிடம் தாமதமானால் தெருமுனைக்கே வந்து நிற்கிறார்கள், மானம் போகிறது.” இப்படி நாற்பது, ஐம்பது தாள்கள். குயிலி தட்டச்சு செய்து கொடுத்தால் ஹாஜிரா அதைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பக்கம் கட்டுவாள். குயிலிக்குப் பதினேழு வயது, ஹாஜிராவுக்குப் பதினாறு. ‘குறைப்பெட்டி’ என்ற இந்த மாதப் பத்திரிகையை எழுதுவதும் நடத்துவதும் வளர்ப்பு வீடுகளில் இருக்கும் பிள்ளைகளே. செலவு வாரியத்துடையது. பிள்ளைகளின் குரல் வெளியே கேட்க வேண்டுமாம். கேட்டது, ஆனால் எல்லோருக்கும் முந்திப் பொருத்திக்குக் கேட்டது.

எந்தப் பிள்ளை எந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்கிற இயந்திரத்துக்குத்தான் பொருத்தி என்று பெயர். கடல் உள்ளே வந்து கரையோர ஊர்களை விழுங்கிய பிறகு பிள்ளைகள் அதிகம், நல்ல வீடுகள் குறைவு. ஆகவே பெரியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு வீட்டில் தேறிவிட்ட பிள்ளை இனி எங்கேயும் பிழைத்துக்கொள்ளும். அதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுத் தேறாத ஒன்றை அங்கே கொண்டுபோய் விட வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும், அது எழுதுவதை வைத்துப் பொருத்தி போடுகிற ஒரு நிறைவெண் உண்டு. அது எழுபத்தைந்தைத் தொட்டால் வாசலில் வண்டி வந்து நிற்கும். அதன்பின் பழைய வீட்டோடு பதினெட்டு வயது முடியும்வரை பேச்சு கூடாது, கடிதம் கூடாது.

இதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ‘பிள்ளை சொல்வதை ஒருபோதும் சந்தேகப்படாதே’ என்று பொருத்திக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் அவர்கள்தான். பிள்ளைகளுக்கு இது போதாதா? பிடித்த வீட்டில் இருந்தவர்கள் அந்த வீட்டைத் திட்டித் தீர்த்தார்கள். பிடிக்காத வீட்டில் இருந்தவர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள், சீக்கிரம் வண்டி வரட்டும் என்று. பொருத்தி இரண்டையும் அப்படியே நம்பியது.

குயிலி நான்கு மாதமாகத் தன் ஆசிரியர் பக்கத்தில், தான் இப்போது இருக்கும் வீட்டின் சாரையும் மேடத்தையும் புகழ்ந்துகொண்டிருந்தாள்.

“உன் எண் எழுபத்து மூணு வந்துருச்சு,” என்றாள் ஹாஜிரா, திரையைப் பார்த்தபடி. “இந்த மாசமும் உங்க சாரையும் மேடத்தையும் தூக்கி வச்சு எழுதிட்டேன்னா முடிஞ்சுது. வண்டி வந்துரும்.”

“வரட்டும். அந்த வீட்டுல யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டினது கிடையாது, தெரியுமா? சாப்பாடு சூட்டுப்பெட்டில இருக்கும். அவங்கவங்க எடுத்துக்கிட்டு அவங்கவங்க ரூமுக்குப் போயிருவோம். பசிச்சா சாப்பிடு, பசிக்கலன்னா விடு.”

“பதினேழரைக்கு மேல மாத்த மாட்டாங்க. இதுதான் உனக்குக் கடைசி.”

“அது எனக்குத் தெரியாதா?” என்று சொல்லிக்கொண்டே குயிலி அடுத்த தாளை எடுத்தாள்.

புதிதாக எழுத வந்த பிள்ளை. சொந்தப் பெயர் போடக்கூடாது என்பதால் ‘கொசு’ என்று புனைபெயர் வைத்திருந்தது. கோணல் கையெழுத்து.

“இந்த அம்மா குக்கர் விசிலை வாய்விட்டு எண்ணுகிறார். என்னைத் திட்டும்போதுகூட நடுவில் நிறுத்தி ‘ரெண்டு’ என்கிறார். தேங்காய் துருவினால் முதல் துருவலை என் உள்ளங்கையில் வைக்கிறார், கையெல்லாம் பிசுபிசுப்பு. குளித்துவிட்டு வந்தால் துண்டின் முனையால் காதுக்குப் பின்னால் தேய்த்துத் தோலை உரிக்கிறார். இந்த வீட்டில் இருக்கவே முடியவில்லை.”

குயிலிக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்வதல்ல, உண்மையாகவே தொப்புளுக்கு மேலே சுரீர் என்றது. மரியபுஷ்பம் அம்மா. உலகத்தில் வேறு யார் திட்டுகிற நடுவில் விசில் எண்ணுவார்கள்? அந்தத் தேங்காய்த் துருவல் மூன்று வருடம் குயிலியின் உள்ளங்கைக்குத்தான் வந்தது. அந்த மூன்று வருடமும் அவள் ஒழுங்காகக் குறை எழுதினாள். ஆனால் தன் பதினாறாவது பிறந்தநாளுக்கு முட்டாள்தனமாக ஓர் ஆசை வந்தது. பத்திரிகையை வரி விடாமல் படிக்கிற அம்மா ஒரே ஒரு தடவையாவது நல்ல வார்த்தை படிக்கட்டுமே என்று நினைத்தாள். “இங்கே நான் சந்தோஷமாக இருக்கிறேன்” என்று ஆசிரியர் பக்கத்தில் எழுதினாள். பதினோராம் நாள் வண்டி வந்தது.

இப்போது அந்த உள்ளங்கை இடத்தில் ஒரு கொசு உட்கார்ந்திருக்கிறது!

தாளில் இருந்ததைத் தட்டச்சு செய்தாள். கடைசி வரிக்குக் கீழே அவள் விரல்கள் தாமாகவே ஒரு வரியைச் சேர்த்தன. “சும்மா சொன்னேன். இதைவிடச் சந்தோஷம் எனக்கு வேறெந்த வீட்டிலும் கிடைக்காது.” ஒரே வரி போதும். அவளுக்கு அனுபவம் உண்டு. அந்த வீடு தனக்குத் திரும்பக் கிடைக்காது என்பதும் தெரியும். பரவாயில்லை, கொசுவுக்கும் இல்லாமல் போகட்டும். பக்கத்தை ஹாஜிராவுக்குத் தள்ளிவிட்டாள்.

ஹாஜிரா தாளை வாங்கி ஒப்பிட்டாள். “கடைசி வரி இதுல இல்லையே. பின்னாடி எழுதியிருக்காளா?” தாளைத் திருப்பிப் பார்த்தவள் அதைக் குயிலியிடம் நீட்டினாள். “குயிலி, இது உனக்கு.”

மறுபக்கம் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது.

“இது அச்சுக்கு இல்ல. ஆசிரியர் அக்காவுக்கு மட்டும். இதுக்கு முன்னாடி இங்க இருந்தது நீங்கதான்னு எனக்குத் தெரியும். புத்தகம் வந்ததும் அம்மா முதல்ல உங்க பக்கத்தத்தான் பிரிக்குது. நீங்க இப்ப இருக்கற வீட்டப் புகழ்ந்து எழுதியிருக்கறதப் படிச்சிட்டு, ‘என் புள்ளைக்கு அங்க சரியில்ல போல’ன்னு உக்காந்து அழுவுது. அப்புறம் விசில் எண்ண மறந்துருது. சோறு குழைஞ்சு போவுது. என்னை உங்க பேர் சொல்லிக் கூப்பிடுது. உங்க நீலத் தட்டைத் தொட விடமாட்டேங்குது. நான்தான இப்ப இங்க இருக்கேன்? எனக்கு உங்க மேல எரிச்சல் எரிச்சலா வருது. ஒரு தடவை, ஒரே தடவை, உங்க வீட்டத் திட்டி எழுதுங்கக்கா. அப்பதான் இது அழுகைய நிறுத்தும்.”

குயிலி அதை இரண்டு முறை படித்தாள். முதலில் வந்தது இரக்கம் இல்லை, ஒரு குதூகலம். என் தட்டு. என் பெயர். அம்மா எனக்காக அழுகிறாள், இவளுக்காக இல்லை. அந்தக் குதூகலம் அவளுக்கே கொஞ்சம் அசிங்கமாக இருந்தது. ஆனாலும் அதை விடுவதற்கு மனமில்லாமல் சிறிது நேரம் வாய்க்குள் மிட்டாயைப் போல வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் குழைந்த சோறு நினைவுக்கு வந்தது. அம்மாவுக்குக் குழைந்த சோறு பிடிக்காது. அன்றைக்குத் தட்டில் கையை வைத்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவாள்.

“என்ன செய்யப்போற?” என்றாள் ஹாஜிரா.

“அந்த வரிய எடுத்துரு. அது நான் சேத்தது.”

ஹாஜிரா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். திட்டுவாள் என்று குயிலி காத்திருந்தாள். ஹாஜிரா வரியை மட்டும் அழித்தாள்.

குயிலி தன் பக்கத்தைத் திறந்தாள். சார், மேடத்தின் பெருமையைப் பற்றி ஏற்கெனவே எழுதி வைத்திருந்த முக்கால் பக்கத்தையும் நீக்கினாள். குறை எழுத வேண்டும். என்ன எழுதுவது? பழைய வீட்டுக் குறைகளைத் தூக்கி வைத்தால் அம்மா ஒரே நொடியில் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவாள். இந்த வீட்டில் குறை சொல்ல எதுவுமே இல்லை, குறை சொல்கிற அளவுக்கு யாரும் அவள் பக்கத்தில் வந்ததில்லை. அரை மணி நேரம் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீம்பு வந்தது. அங்கே என்னை ஒருத்தி தாங்கு தாங்கென்று தாங்குகிறாள் என்று அம்மா நினைக்கட்டும். அவளுக்கும் கொஞ்சம் எரியட்டும். நான் மட்டும்தான் எரிய வேண்டுமா?

“இந்த மேடத்தின் தொல்லை தாங்கவில்லை. சாப்பிட நான்கு முறை கூப்பிடுகிறார். நான்காவது முறை தட்டோடு அறைக்கே வந்துவிடுகிறார். என் தலையை வாரிவிடுவேன் என்று சீப்பைப் பிடுங்குகிறார். சார் நான் வரும்வரை வாசல் விளக்கை அணைப்பதில்லை, மின்சாரம் வீண். என்னை இவர்களிடமிருந்து யாராவது காப்பாற்றுங்கள்.”

எழுத எழுத நன்றாகவே வந்தது. இல்லாத மேடத்தை அவளுக்குக் கொஞ்சம் பிடித்துக்கூடப் போனது.

ஹாஜிரா படித்தாள். “எண் விழுந்துரும் குயிலி. அப்புறம் பதினெட்டு முடியறவரைக்கும் அங்கதான்.”

“போடு.”

எண் ஐம்பத்தொன்றுக்கு விழுந்தது. ‘பிள்ளை இன்னும் தேறவில்லை. தற்போதைய இல்லத்திலேயே தொடரலாம்’ என்று பொருத்தியிடமிருந்து அறிவிப்பு வந்தது. மேடம் அதைப் படித்துவிட்டு, “சரிம்மா” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். பத்திரிகையை அவர்கள் இருவரும் படிப்பதில்லை.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை வந்த குவியலில் கோணல் கையெழுத்தைத்தான் குயிலி முதலில் தேடி எடுத்தாள்.

“இந்த அம்மா திரும்பவும் விசில் எண்ண ஆரம்பித்துவிட்டார், காது வலிக்கிறது. என் பெயரைத் தெருவே கேட்கும்படி சொல்லிக் கூப்பிடுகிறார். ஒரு பழைய நீலத் தட்டை எடுத்துக் கொடுத்து இனி இது உன்னுடையது என்கிறார். அதன் விளிம்பு நசுங்கியிருக்கிறது. எனக்குப் பிடிக்கவே இல்லை.”

விளிம்பை நசுக்கியவள் குயிலி. ஒருநாள் கோபத்தில் தூக்கி எறிந்த தட்டு அது. அம்மா அதைப் பொறுக்கி எடுத்து, விசில் எண்ணிக்கொண்டே கழுவி வைத்தாள். வயிறு மறுபடி எரிந்தது, போன மாதத்தைவிட அதிகமாக. அவள் ஓர் எழுத்துகூட மாற்றாமல் தட்டச்சு செய்து முடித்தாள்.

“எந்தப் பக்கம்?” என்றாள் ஹாஜிரா.

“முதல் பக்கம்.”

ஹாஜிரா ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கையை நீட்டினாள். கொடுப்பதற்கு முன் குயிலி தாளைத் திருப்பிப் பார்த்தாள். மறுபக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.