பூண்டு போடாத கஞ்சி

"ஏய்... யாரது மேல? கயிறு விட்டு என்னா எடுக்கப் பாக்கற?"

கீழேயிருந்து வந்த ஆண் குரலில் மொட்டைமாடியில் நின்ற ஹிபா திடுக்கிட்டாள். கொடிக்கயிறு சர்ரென்று நழுவியது. அதன் நுனியில் தொங்கிய தூக்குவாளி, பக்கத்து மரவாடியின் சுவரில் 'டங்'கென்று மோத, கொஞ்சம் கஞ்சி சிந்தியது. சிந்திய இடம்... அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனின் தலை!

"எடுக்கல... குடுக்கறேன்," என்றாள், முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு.

"கஞ்சியா? என் தலையிலயா?"

"உங்களுக்கில்ல. அதுக்கு!"

அவள் விரல் நீட்டிய இடத்தில், தகரக் கொட்டகையின் ஓரம், ஒரு மரத்தூணோடு சேர்த்துப் பூட்டிய சங்கிலியில் ஒரு செவலை நாய் கிடந்தது. விலா எலும்பை மாடியிலிருந்தே எண்ணலாம். பக்கத்தில் ஒரு அலுமினியத் தட்டு, எலும்பாய்க் காய்ந்து. நிழல் இருந்த இடத்துக்கும் நாய்க்கும் நடுவே சங்கிலி ஒரு சாண் குறைந்திருந்தது.

இளைஞன் கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தான். மரவாடிக்குப் புதிதாக வந்த வேலைக்காரன்போல, என்று ஹிபா முடிவுகட்டினாள். முடிவு கட்டியதும் வாயும் திறந்துகொண்டது.

"நாய்க்குச் சோறு போட்டா திருட்டு... பட்டினி போட்டா அதுக்கு என்னாங்க பேரு? உங்க மொதலாளிகிட்ட போயி சொல்லுங்க. மக்காவுக்கு உம்ரா போறவரு, இந்த வாயில்லா ஜீவனுக்கு ஒரு வாய் தண்ணிக்கு ஏற்பாடு பண்ணிட்டுப் போயிருக்கலாம்னு!"

"கண்டிப்பா சொல்றேன்," என்றான் அவன் சாவகாசமாக. "தெனமும் போன் பண்றாரு. அவரு எங்கத்தாதான்."

முதலாளியின் மகனா! அவ்வளவுதான்... கயிறாவது, தூக்காவது! ஹிபா இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள். சமையலறையில் தண்ணீர்க் குடத்தைத் திறந்து சொம்பை வாய்வரைக்கும் கொண்டுபோன பிறகுதான் நோன்பு ஞாபகம் வந்தது.

ஓடாமல் என்ன செய்வாள்? அவள் அத்தாவின் தையல் கடை, மரவாடி முதலாளி அப்துல் கஃபார் ஹாஜியாருடைய கட்டடத்தில்தான் இருக்கிறது. ஹாஜியார் தொழுகை தவறாதவர், வாசலில் வந்து நிற்பவருக்கு இல்லை என்று சொல்லாதவர். ஆனால் 'என் பொருள்' என்று அவர் நினைப்பதைப் பற்றி அடுத்தவர் வாய் திறந்தால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். "ஏன் பாய், நாய்க்குத் தண்ணி வச்சா என்ன?" என்று கேட்ட டீக்கடைக்காரர் அடுத்த மாதமே கடையைக் காலி செய்துகொண்டு போனார். இப்போதோ ரமலான் பெருநாளுக்குத் தைக்க வந்த துணி கடை முழுக்கக் குவிந்து கிடக்கிறது. இந்த ஒரு மாசத் தையலை வைத்துத்தான் வீட்டில் வருஷமே ஓடும்.

"பெருநாள் வரைக்கும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்காத தாயி," என்று அம்மா ரமீஜா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

எட்டிப் பார்க்காமல் இருக்க முடிந்தால்தானே? நாயின் பெயர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். காவலுக்கு நிற்கிறவன்தானே என்று ஹாஜியார் வைத்த பெயர். பெயர் வைத்ததோடு சரி. மற்ற நாளெல்லாம் அடுத்த கட்டடத்து பிரியாணிக் கடையின் மிச்சம் மீதியில் அது பிழைத்தது. ரமலான் பிறந்தது, பகலில் கடை மூடியது, சொல்தாவின் தட்டும் காய்ந்தது. ஊரே பசித்திருக்கிற மாசத்தில் ஒரு நாயின் பசி யார் கண்ணிலும் படவில்லை. ஹிபாவின் கண்ணில் மட்டும் பட்டது. சாயங்கால அசர் தொழுகை முடிந்து அத்தா பள்ளிவாசலிலிருந்து வாங்கிவரும் நோன்புக் கஞ்சியில் தன் பங்கை அவள் கயிறு கட்டி இறக்க ஆரம்பித்தது அப்படித்தான்.

மறுநாள் சாயங்காலம் பயந்து பயந்து மாடி ஏறினாள். கயிறு அவள் கைப்பிடிச் சுவரில் கட்டி வைத்தபடியே தொங்கியது; மேலே இழுத்தாள். நசுங்கிய பழைய தூக்கு பளபளவென்று தேய்த்துக் கழுவியிருந்தது. உள்ளே ஒரு கை பேரீச்சம்பழம்!

கீழே அவன்... ஹாதி. நீளமான ரீப்பர் கட்டை ஒன்றால் தண்ணீர்த் தொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்தாவின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான். அது லேசாக உறுமியதும் கட்டையைப் போட்டுவிட்டுப் பின்னால் தாவினான். ஹிபாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"சொந்த நாய்க்கே இந்த பயமா?"

"சின்ன வயசுல ஒண்ணு கடிச்சிருச்சிங்க... சிரிங்க, சிரிங்க. ஊசி போட்டுக்கினது நான்தான?"

அவன் சென்னையில் கட்டடத்துக்குப் படம் வரைகிறவனாம். அத்தா உம்ராவிலிருந்து திரும்பும்வரை மரவாடியைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறானாம். அவன் கண்ணைப் பற்றி நான் சொல்லாமல் விட்டால் ஹிபா என்னைச் சும்மா விடமாட்டாள்... தேன் நிறம். வெயிலுக்குச் சுருக்கிக்கொண்டு அண்ணாந்து பார்க்கும்போது அதில் ஒரு கூச்சம் இருக்கும். மரத்தூள் படிந்த இமை வேறு. அந்தக் கண்ணை நினைத்தபடி அன்று ராத்திரி அவள் இரண்டு சட்டைக்குப் பொத்தான் காஜாவை இடம் மாற்றித் தைத்து அத்தாவிடம் திட்டு வாங்கினாள்.

"அத அவுத்து விடுங்களேன்," என்று ஒருநாள் கேட்டாள்.

"பூட்டுச் சாவி எங்க இருக்குன்னு தெரியல. அத்தாவ கேட்டா, யார் சொல்லிக் கேக்கறம்பாரு..." நிறுத்தி, மேலே பார்த்தான். "யாருன்னு நான் சொல்லணுமா?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கடையைப் பற்றி அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று புரிந்தது. அன்றிலிருந்து நோன்பு திறக்கும் நேரத்துக்காக அவள் காத்திருக்கவில்லை... அசர் எப்போது முடியும் என்றே காத்திருந்தாள்.

பிறகு அந்த மழை வந்தது. மார்ச்சில் மழையா என்று வீதியே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. ஹிபா தூக்கோடு மாடிக்கு ஓடினாள். சொல்தா எழுந்திருக்கவில்லை. மழையில் நனைந்தபடி கிடந்தது. அதன் பக்கத்திலேயே, பயமெல்லாம் எங்கே போனதோ, ஹாதி மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான்.

"நேத்துலேருந்து வாந்தி," என்று கத்தினான். "அந்தக் கஞ்சியில என்னென்ன இருக்கு?"

"நாம குடிக்கற கஞ்சிதான்!"

"நாம குடிக்கறத நாய்க்குப் போடலாமா? வெங்காயம், பூண்டு இதுங்களுக்கு ஆவாதுன்னு இப்பதான் போன்ல பாக்கறேன். தெரியாம எதுக்குங்க இந்த வேல?"

ஹிபாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "தெரியாமதான் போட்டேன். தெரிஞ்சவங்க யாரும் போடலையே!" என்றாள். தன் வாய்ச் சோற்றைக் கொடுத்து, அதுவே விஷமாகிவிட்டதே என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது. கன்னத்தில் வழிந்ததில் மழை எது, கண்ணீர் எது என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

"போதும் நின்னு அழுதது. கீழ எறங்கு."

திரும்பினாள். கொடியில் துணி எடுக்க வந்த அம்மா நின்றுகொண்டிருந்தாள்!

"அம்மா... நான்..."

"எல்லாந் தெரியும். நீ பங்கக் குடிக்காம வெறும் பழத்துல நோம்பு தொறக்கறது எனக்குத் தெரியாதா? பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன்." ரமீஜா பர்தாவை எடுத்து மாட்டினாள். "வீட்டு வாசல்ல ஒரு உசுரு மவுத்தாவறத பாத்துக்கினு என்னா கஞ்சி இறங்கும்? ஒத்தையா போவாத. நானும் வர்றேன்."

அவர்கள் மரவாடிக்குள் நுழைந்தபோது ஹாதி ரம்பத்தோடு தூணை அறுத்துக்கொண்டிருந்தான். பூட்டு திறக்காவிட்டால் போகட்டும்... தூண் அறுந்தால் சங்கிலி கழன்றுவிடும் இல்லையா? மரவாடிக்காரன் மகனுக்கு அந்த வழிதான் தோன்றியது. மரம் ஏற்றும் 'குட்டியானை' சின்ன லாரியில் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் சொல்தா. முன்னால் ஹாதி, ஹிபா, இரண்டு பேருக்கும் நடுவே ரமீஜா. வைப்பர் இப்படியும் அப்படியும் போய்வந்தது.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் நிர்மலா உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். "வெளுத்துப் போயிருக்கு. வெங்காயமும் பூண்டும் ரத்தத்தக் குடிச்சிடும். இன்னும் நாலு நாள் விட்டிருந்தா கஷ்டம்." ஹிபா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் சிரிஞ்சை எடுத்தபடி தொடர்ந்தார்: "ஆனா ஒண்ணும்மா. வயித்துல எதுவுமே போகாம இருந்திருந்தா இது போன வாரமே போயிருக்கும். அழாதீங்க. பொழச்சிக்கும்."

ஹாதி அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் போன் அடித்தது. மக்காவிலிருந்து ஹாஜியார்! மரவாடி ஆள் யாரோ அதற்குள் தகவல் சொல்லிவிட்டான்.

"என் நாய்க்கு எவண்டா கண்டதையும் போட்டது?" போனை மீறிக் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

ஹாதி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான்தான் அத்தா போட்டேன்."

அந்த ஒரு வார்த்தையில் ஹிபாவின் கோபமெல்லாம் கரைந்தது. பேசாமல் இருந்துவிடலாம். கடை பிழைக்கும், அத்தா பிழைப்பார், பெருநாள் நல்லபடியாகப் போகும்... ஆனால் தனக்காக ஒருவன் பொய் சொல்லித் திட்டு வாங்குவதை நின்று கேட்க அவளால் முடியவில்லை. அம்மாவைப் பார்த்தாள். ரமீஜாவின் முகம் வெளிறியிருந்தது. இருந்தும் சொல்லு என்பதுபோல மெல்லத் தலையை அசைத்தாள். ஹிபா கையை நீட்டி, போனை வாங்கிக்கொண்டாள்.

"மாமா... நான் ஹிபா. தையக்கடைப் பொண்ணு. கஞ்சி போட்டது நான்தான். ஆவாதுன்னு தெரியாது, தப்புதான். ஆனா மாமா... அதுக்கு ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நெழலு ஒரு சாண் தள்ளி இருந்திச்சி, சங்கிலி எட்டல. தெனமும் நெழலப் பாத்துக்கினே வெயில்ல கெடந்துச்சி. என்னால பாத்துக்கினு இருக்க முடியல. எங்கத்தாவுக்கு இதுல எதுவும் தெரியாது. கோவத்த என் மேல காட்டுங்க."

மறுமுனையில் மக்காவின் ஜனக்கூட்டம் இரைந்தது.

"இங்க வந்ததுலேருந்து..." ஹாஜியாரின் குரல் தழைந்து வந்தது. "நோம்பு தொறக்கறதுக்குன்னு, நான் கேக்கறதுக்கு முன்னாடியே யாரோ ஒருத்தன் கையில தண்ணியக் குடுத்துடறாம்மா. இப்பகூட கையில வச்சிக்கினுதான் நிக்கறேன்." பிறகு, "சாவி கல்லாவுக்கு மேல காலண்டர் ஆணியில தொங்குது. எடுத்துக்கச் சொல்லு. உங்கத்தா கடை எங்கயும் போவாது, அழுவாத," என்றார். அடுத்த மூச்சில் பழைய குரல் திரும்பிவிட்டது. "அந்தப் பயகிட்ட குடு போன! தூண ஏண்டா அறுத்த? அது தேக்குடா!"

ரமீஜா வராந்தா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, பர்தா நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தாளா அழுதாளா... இரண்டும்தான்.

பெருநாளுக்கு முந்தின வாரம். கடல் காற்று ஜிலுஜிலுவென்று வீசிய சாயங்காலம். கீழேயிருந்து குரல் வந்தது.

"ஹிபா... தூக்க எறக்குங்க."

இறக்கினாள். இழுக்கும்போது கனத்தது. உள்ளே துருப்பிடித்த சங்கிலி, திறந்த பூட்டோடு! எட்டிப் பார்த்தாள். சொல்தா மரவாடி முழுக்க ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து, ஹாதியின் கால்மேல் தலையை வைத்துப் படுத்தது. அவன் அசையாமல் நின்றிருந்தான்.

"இன்னும் பயமா?"

"நாய்கிட்ட இல்ல," என்றான். தேன் நிறக் கண்கள் நேராக மேலே வந்தன. "பெருநாள் முடிஞ்சி நான் சென்னைக்குப் போவணும். போவ மனசில்ல ஹிபா. அன்னிக்கி மழையில உங்களப் பாத்துக் கத்துனேன்... அதுக்கு நீங்க எனக்குத் திட்டு விழட்டும்னு பேசாம இருந்திருக்கலாம். எங்கத்தாகிட்ட இத்தினி வருஷத்துல நான் பேசாதத நீங்க நின்னு பேசுனீங்க. எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. அத்தா வந்ததும்... உங்க வீட்டுக்கு வந்து கேக்கச் சொல்லட்டுமா?"

சுவரோரம் தெரிந்த முக்காடு சட்டென்று மறைந்தது. படியில் யாரோ ஓடும் சத்தம். போச்சு... முதல் நாள் மாதிரியே ஓடிவிட்டாள்! ஹாதி பெருமூச்சு விட்டான்.

தலைக்கு மேலே 'டங்'.

கயிற்றில் இந்த முறை இரண்டு தூக்கு வந்தது. ஒன்று நசுங்கியது, ஒன்று புத்தம் புதுசு.

"நசுங்கினது சொல்தாவுக்கு," என்றாள் மூச்சு வாங்க. முகம் சிவந்திருந்தது. "வெங்காயம் பூண்டு எதுவும் போடாம அம்மா தனியா காய்ச்சினது."

"இந்தப் புதுசு?"

"அதுல எல்லாம் இருக்கு. அது... எங்க வீட்டு மனுஷங்களுக்கு மட்டும் குடுக்கறது."

அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் நின்ற இடத்திலேயே சிரித்தான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல, ஆனால் அவனுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "எனக்கும் பிடிச்சிருக்கு. மொத நாளு தலையில கஞ்சியோட நின்னீங்களே... அப்பவே."

பள்ளிவாசலில் நோன்பு திறக்கச் சொல்லும் மஃரிப் பாங்கு எழுந்தது. ஹாதி பிஸ்மி சொல்லித் தூக்கைத் திறந்தான். சொல்தா அதற்குள் பாதி முடித்திருந்தது. படியிலிருந்து ரமீஜாவின் குரல் கேட்டது.

"தூக்க மாத்திக் குடுத்துடாதீங்க பிள்ளைங்களா!"