வால் மேல்நோக்கிய துளிகள்

ஜன்னல் சட்டத்தில் தெறித்திருந்த வெள்ளைத் துளிகளின் வால்கள் எல்லாம் மேல்நோக்கி இருந்தன.

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கின் புதிய அடுக்குமாடிகளில் பெயின்டர்கள் போனபின் கழுவித் துடைப்பது பன்னிரண்டு வருடங்களாகப் புருலின் தொழில். உருளையிலிருந்து தெறிக்கும் பெயின்ட் கடுகுபோல உருண்டையாக ஒட்டும். தூரிகையிலிருந்து சொட்டுவது கீழே வழியும். மேலே ஏறும் துளியை அவள் பார்த்ததில்லை.

"நேத்து ஒருத்தி வந்தா அக்கா. பாதியில விட்டுட்டா," என்றான் அந்த வீட்டின் சொந்தக்காரன் குபாத்.

"கத்தியால சுரண்டினாளா?"

"சுரண்டக் கூடாதா?"

"பிளாஸ்டிக் தம்பி இது. ஒரு கீறல் விழுந்தா அதுல அழுக்கு ஏறி ஆயுசுக்கும் போகாது. அசிட்டோன் பட்டாலும் போச்சு, மேல்தோல் கரைஞ்சு மஞ்சளாயிடும்."

"அப்போ கறையே படாம இருக்க?"

"வேலைக்கு முன்னாடியே ஃபிரேம் பூரா காகித டேப் ஒட்டணும், தரையில பாலிதீன் விரிக்கணும். எல்லாரும் அதைச் செஞ்சா எனக்கு ஏது பொழப்பு?"

அவன் சிரித்தான். தேநீர் கொண்டுவந்து வைத்தான். கிண்ணத்தில் கால்வாசிதான் இருந்தது. விருந்தாளி சீக்கிரம் கிளம்பிவிடக் கூடாது என்றால் அப்படித்தான் ஊற்றுவார்கள். "ஆறு மணிக்குப் பொண்ணை பாலர் பள்ளியிலேருந்து கூட்டிட்டு வரணும் தம்பி," என்றாள். அவன் தலையாட்டிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனான்.

வெளியே நிலக்கரிப் புகையில் பனிக்கால மாலை பழுப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துளிகளின்மேல் ஒத்தி வைத்தாள். பத்து நிமிடம் ஊறினால் பெயின்ட் பாலாடைபோல நெகிழும், பிறகு பிளாஸ்டிக் தகட்டைப் படுக்கையாகச் சாய்த்துத் தள்ளினால் போதும். முதல் துளி சுருண்டு உதிர்ந்தது. அடியில் இன்னொரு துளி. செம்பழுப்பு. அதே வடிவம், அதே வால்.

அடிப்பூச்சு என்று நினைத்து, மூலையில் சோதித்துவிட்டு, பஞ்சில் ஆல்கஹால் தொட்டு வைத்தாள். பெயின்டாக இருந்தால் இளகியிருக்கும். இது இன்னும் இறுகியது. குளிர்ந்த தண்ணீரை வைத்தாள்.

கரைந்தது. இளஞ்சிவப்பாக. துருப்பிடித்த ஆணியின் வாடை. யாரோ ஒவ்வொரு துளியின் மேலும் வெள்ளை தொட்டு மறைத்திருக்கிறார்கள்.

துளி எந்தப் பக்கம் பறந்ததோ அந்தப் பக்கம்தான் வால் நீளும். அப்படியானால் இவை தரையிலிருந்து கிளம்பியவை. தரையில் கிடந்த ஒன்றிலிருந்து. ஓங்கிய கை மேலே போகும்போதெல்லாம் ஒரு வரிசை தெறித்திருக்கிறது. எண்ணினாள். ஐந்து வரிசைகள்.

பக்கத்து அறையில் 'கிர்ர்ர்' என்று ஏதோ கிழிந்தது. நின்றது. மறுபடி கிர்ர்ர்.

சட்டத்தின் கீழ்விளிம்பில் ஊறிய பெயின்ட் தானாகவே வழன்று விழுந்தது. அடியில் நான்கு கீறல்கள். பக்கத்துப் பக்கத்தில், ஆழமாக. எந்தத் தகடும் அப்படிக் கீறாது. கடைசிக் கீறலின் நுனியில் பெயர்ந்த நகம் ஒன்று குத்தி நின்றது. ஊதாப் பூச்சு.

கிர்ர்ர்.

காகித டேப்.

வாசலுக்கு ஓடினாள். பூட்டியிருந்தது. சாவி இல்லை.

"எங்க போறீங்க அக்கா?"

குபாத் நின்றான். ஒரு கையில் டேப் சுருள். இன்னொன்றில் சுத்தியல்.

"அந்த ரூமுக்கு வாங்க. நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் ஒட்டிட்டேன். ஓரம்கூட விடல."

கையிலிருந்த புட்டியின் ஆல்கஹாலை அவன் கண்களில் வீசினாள். அலறினான். ஜன்னலுக்குப் பாய்ந்தாள். கைப்பிடியைத் திருகினாள். குளிர்காற்று. ஒன்பதாவது மாடி. "காப்பாத்துங்க!" கீழே ஒரு கார் ஹாரன் மட்டும்.

சுத்தியல் தோளில் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தத்தை அவளே கேட்டாள். முடியைப் பிடித்து இழுத்தான். விழுந்தாள். அடிபடாத கை சட்டத்தைத் தேடிப் பற்றியது.

"விடுங்க அக்கா. கீறிடப் போறீங்க."

இழுத்தான்.

அவளுடைய நான்கு நகங்களும் நழுவின. ஏற்கெனவே இருந்த நான்கு கீறல்களுக்குள், ஒன்றுகூடத் தவறாமல், கச்சிதமாக.